செஸ்ஸில் எந்த ஓப்பனிங் (ஆரம்ப மூவ்கள்) எடுத்தாலும் 30 மூவில் டிரா. தப்பு ஓப்பனிங்கிலா, என்கிட்டயா?

#1 சேலம்சிப்பாய்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் பதிவு.

வயசு 39. ஸ்கூல்ல ஆடினது, நடுவுல பதினைஞ்சு வருஷம் தொடவே இல்ல. மூணு வருஷமா சனி ஞாயிறு டோர்னமெண்ட்களுக்குப் போறேன். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1560. இதுவரை 46 கிளாசிக்கல் கேம், அதுல 21 டிரா. நேத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வெள்ளைல முதல்ல லண்டன் சிஸ்டம்ங்கற ஓப்பனிங் ஆடினேன். எல்லாம் சப்புன்னு முடியுதுன்னு விட்டுட்டு குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்சுக்கு மாறினேன். கறுப்புல முதல்ல காரோ-கான், இப்ப ஸ்லாவ். எதை எடுத்தாலும் 25 மூவ் தாண்டினா காய் எல்லாம் மாறி, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லாம நிக்குது. எஞ்சினும் (செஸ் கம்ப்யூட்டர்) சைபர், அதாவது சமம்னுதான் சொல்லுது. டிரா கேட்பேன், கொடுத்துடுவாங்க.

கொஞ்சம் சண்டை வர்ற மாதிரி ஓப்பனிங் சொல்லுங்க. கிங்ஸ் இந்தியன் ஆரம்பிக்கலாமா? நேரம் தினம் ஒரு மணிதான் கிடைக்கும், அதுவும் ராத்திரி பத்துக்கு மேல.

#2 நைடோர்ஃப்நாயகன்

ப்ரோ, எக்ஸ்சேஞ்சும் ஸ்லாவும் ஆடிட்டு டிரா ஆகுதுன்னா எப்படி? இட்லி ஆர்டர் பண்ணிட்டு காரமே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு. எதிராளி முதல் மூவ் இ4-ன்னா சிசிலியன் நைடோர்ஃப், டி4-ன்னா கிங்ஸ் இந்தியன். வெள்ளைல இ4 ஆடுங்க. ஒரு பக்கம் அவன் கேஸ்லிங், மறுபக்கம் நம்ம கேஸ்லிங், யார் முதல்ல வெட்டுறாங்கன்னு பாத்துடலாம். நான் போன வருஷம் 30 கேம்ல 3 டிராதான்.

#3 குதிரைவாலி

நாயகா, அந்த 27-ல எத்தனை ஜெயிச்சே?

சேலம் சார், ஓப்பனிங் பேர் இருக்கட்டும். டிரா ஆன கேம்ல ஏதாவது ஒண்ணு எடுத்து, கை குலுக்கின அந்த பொசிஷனைப் போடுங்க. எஞ்சின் நம்பர் வேணாம். யார்கிட்ட எவ்வளவு டைம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

#4 நைடோர்ஃப்நாயகன்

14 ஜெயிச்சேன், 13 தோத்தேன். அது வேற விஷயம்.

#5 சேலம்சிப்பாய்

போன மாசம் நாலாவது ரவுண்டு. நான் வெள்ளை. எதிராளி 1490. ஆளுக்கு 90 நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் கூடுதல். 24-வது மூவ், என் முறை.

வெள்ளை: ராஜா ஜி1, யானை சி1, குதிரை சி3, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, ஹெச்3.
கறுப்பு: ராஜா ஜி8, யானை இ8, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ6, பி7, சி6, டி5, எஃப்7, ஜி7, ஹெச்6.

என்கிட்ட 41 நிமிஷம், அவர்கிட்ட 19. ராஜாவை எஃப்1-க்கு நகர்த்திட்டு டிரா கேட்டேன். யோசிக்கவே இல்ல, உடனே கை நீட்டிட்டார்.

#6 குதிரைவாலி

உடனே கை நீட்டினாரா? நீட்டாம என்ன பண்ணுவார்! மடியில வந்து விழுந்த அரைப் புள்ளி ஆச்சே.

இப்ப பலகையை எடுத்து வச்சுக்கோங்க, போன்ல பாக்காதீங்க. அவர் பிஷப் ஓடுறது வெள்ளைக் கட்டத்துல. ஏ6, பி7, சி6, டி5, எஃப்7 இந்த அஞ்சு சிப்பாயும் நிக்கிறது எங்க? அதே வெள்ளைக் கட்டத்துல. அதாவது அவர் பிஷப் காவல் காக்க மட்டும்தான் லாயக்கு. உங்க குதிரைக்கு சி5-னு ஒரு வீடு காலியா இருக்கு. கறுப்புக் கட்டம், அவர் பிஷப் ஜென்மத்துக்கும் அங்க வர முடியாது. டி4 சிப்பாய் அதைத் தாங்குது.

24-வது மூவ் குதிரை ஏ4. அடுத்தது சி5. பிஷப்பை டி7-க்குக் கொண்டு வந்தார்னா குதிரை சி5-ல உட்கார்ந்து பிஷப்பையும் பி7-ஐயும் சேர்த்து மிரட்டும். பிஷப் சி8-க்குப் போய் வாட்ச்மேன் வேலை பாக்கணும். அப்புறம் நீங்க பி4, ஏ4, பி5. ரெண்டு சிப்பாயை வச்சு மூணு சிப்பாயைக் கிளறுறது. எக்ஸ்சேஞ்ச் ஆடுற எல்லாரும் கனவு காணுற மைனாரிட்டி அட்டாக் இதுதான். அந்த ஓப்பனிங்கை நீங்க எடுத்ததே இதுக்காகத்தானே சார்?

குதிரை ஏ4 வந்ததும் பதறிப்போய் அவர் பி6 ஆடினார்னு வைங்க. இங்க ஒரு கண்ணி இருக்கு. சி6 சும்மா நிக்குதேன்னு யானையால வெட்டினீங்கன்னா பிஷப் டி7-ல வந்து நிக்கும். முன்னால யானை, அதே கோட்டுல பின்னால ஏ4 குதிரை. யானை நகர்ந்தா குதிரை காலி. அதனால சி6-ஐத் தொடாம குதிரையால பி6 சிப்பாயை வெட்டணும். ஒரு சிப்பாய் லாபம், சேதாரம் இல்ல.

இதுல உங்களுக்கு வெற்றி உறுதின்னு நான் சொல்லல. ஒழுங்கா ஆடினா அவர் டிரா பண்ணலாம், ராஜாவை டி6-க்குக் கொண்டு வந்து குதிரையைத் தொந்தரவு பண்ணலாம். ஆனா ஒழுங்கா ஆட வேண்டியது யாரு? 1490 ரேட்டிங், கையில 19 நிமிஷம். உங்களுக்கு அடுத்த ஆறு மூவ் என்னன்னு தெரியும். அவர் ஒவ்வொரு மூவுக்கும் புதுசா யோசிக்கணும். எஞ்சின் காட்டுற சைபர்ல இது எங்க தெரியுது?

#7 சேலம்சிப்பாய்

பலகையில வச்சுப் பாத்தேன். கொஞ்சம் வெட்கமா இருக்கு. யானையால சி6-ஐ வெட்டுறதைத்தான் நான் முதல்ல பாத்தேன்ங்கிறதையும் சொல்லிடறேன்.

மைனாரிட்டி அட்டாக் வீடியோ பாத்திருக்கேன். ஆனா அதுல எல்லாம் ராணி, ரெண்டு யானை எல்லாம் இருந்துச்சு. காய் குறைஞ்சதும் அந்தப் பாடம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டேன்.

#8 திருவல்லிக்கேணி_65

தம்பி, ராணி போனதும் ஆட்டம் முடிந்ததாக நினைப்பது ரொம்பப் பழைய வியாதி. மருந்தும் பழையதுதான்.

1914, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இமானுவேல் லாஸ்கர் உலக சாம்பியன், ஆனால் போட்டியில் கபாபிளாங்கா முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். இருவரும் மோதுகிற அந்த ஆட்டத்தில் லாஸ்கர் ஜெயித்தே ஆக வேண்டும். கையில் வெள்ளை. என்ன ஆடினார் தெரியுமா? ரூய் லோபஸ் எக்ஸ்சேஞ்ச்! நாலாவது நகர்த்தலில் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கி, ஏழாவது நகர்த்தலுக்குள் ராணிகளும் பலகையை விட்டுப் போயாகிவிட்டது. இந்தக் காலத்தில் யாராவது அப்படி ஆடினால் டிராவுக்கு ஆடுகிறான் என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவோம். லாஸ்கர் எஃப் சிப்பாயைத் தள்ளித் தள்ளி, குதிரையைக் கொண்டுபோய் இ6-ல் ஆணி அடித்தாற்போல் நிறுத்தினார். கபாபிளாங்கா மூச்சு முட்டி 42-வது நகர்த்தலில் விட்டுக்கொடுத்தார். போட்டி முடிவில் லாஸ்கர் 13.5, கபாபிளாங்கா 13.

கபாபிளாங்கா எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) தெரியாதவர் அல்ல என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

#9 நைடோர்ஃப்நாயகன்

ஐயா, மந்திரின்னா ராணியா பிஷப்பா? எங்க தாத்தா ராணியைத்தான் மந்திரின்னு சொல்வார்.

#10 திருவல்லிக்கேணி_65

பிஷப். உங்கள் தாத்தா சொன்னதும் சரிதான், ஊருக்கு ஊர் மாறும். இனி பிஷப் என்றே எழுதுகிறேன், சண்டை வேண்டாம்.

#11 பூஜ்யம்புள்ளி

ரேட்டிங் கணக்கை யாரும் எடுக்கல, நான் போட்டுடறேன்.

நீங்க 1560, எதிராளி 1720ன்னு வைங்க. 160 வித்தியாசத்துக்கு உங்ககிட்ட எதிர்பார்க்கிற புள்ளி 0.29. கே (ஒரு கேம்ல ரேட்டிங் எவ்வளவு மாறும்னு தீர்மானிக்கிற எண்) 20ன்னா, ஜெயிச்சா +14.2, டிரா +4.2, தோத்தா −5.8.

பொசிஷன் நிஜமாவே சமம், தொடர்ந்து ஆடினா டிராவைத் தவிர ஜெயிக்கிறதும் தோக்கிறதும் சரிபாதி வாய்ப்புன்னு எடுத்துக்கோங்க. 14.2-ல 5.8 போக 8.4, அதுல பாதி 4.2. டிராவுக்குக் கிடைக்கிற அதே 4.2! எதிராளி யாரா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதாவது சமமான பொசிஷன்ல தொடர்ந்து ஆடுறதால சராசரியா ஒரு பைசா நஷ்டம் இல்ல. எதிராளியை விட நாம தப்பு பண்ற வாய்ப்பு அதிகம்னா மட்டும்தான் டிரா லாபம். பெரிய ரேட்டிங்காரன்கிட்ட டிரா கிடைச்சா வாங்கிக்கோங்கறது பயத்துல சொல்றது, கணக்குல இல்ல.

#12 ஹெச்8அம்மா

நான் ஆடுறவ இல்ல, பையனைக் கூட்டிட்டுப் போறவ. பத்து வயசு. இந்த இழையைப் படிச்சதும் கேக்கணும்னு தோணுச்சு.

அவன் போற அகாடமியில ஒரு கோச், பெரிய ரேட்டிங் குழந்தைங்க கூட ஆடினா காயை எல்லாம் மாத்திட்டு டிரா கேளுன்னு சொல்லிக் கொடுக்கறார். பையனும் 15 மூவ்ல டிரா வாங்கிட்டு வெளிய வந்து, அடுத்த ரவுண்டு வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஓடிப் பிடிச்சு விளையாடறான். போன தடவை நான் கேட்டேன், "ஏன்டா, நீ ஜெயிக்கலாம்னு இருந்துச்சா?" "தெரியலம்மா, சார் டிரா கேக்கச் சொன்னார்." பூஜ்யம்புள்ளி சார் கணக்கைப் பாத்தா இது தப்போன்னு தோணுது. ஆனா கோச்சை எதிர்த்துப் பேசவும் பயமா இருக்கு.

#13 குதிரைவாலி

எதிர்த்துப் பேச வேணாம்மா. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேமை, டிரா ஆன இடத்துல இருந்து, உங்க பையனையே ரெண்டு பக்கமும் ஆடச் சொல்லுங்க. இருபது மூவ் ஆடட்டும். "ஐயோ, இங்க எனக்கு நல்லா இருந்துச்சே"ன்னு ஒரு நாள் அவனே சொல்வான். அதுக்கப்புறம் யார் சொன்னாலும் டிரா கேக்க மாட்டான்.

நானும் குழந்தைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். பத்து வயசுப் பையனுக்கு எண்ட்கேம் எண்ட்கேம்லதான் வரும். 15 மூவ்ல எழுந்து வந்தா வராது. அவன் ரேட்டிங்குக்கு கே 40 வேற, ஏறுறதும் இறங்குறதும் பெருசாத்தான் இருக்கும். இந்த வயசுல அதைப் பாத்து மிரளக்கூடாது.

#14 மதுரைஆர்பிட்டர்

டிரா பேச்சு வந்ததால ரெண்டு விஷயம். வாரா வாரம் பாக்கறதால சொல்றேன்.

ஒண்ணு, டிரா கேக்கற முறை. மூவை ஆடணும், டிரான்னு சொல்லணும், அப்புறம் கடிகாரத்தை அமுக்கணும். ஸ்கோர் ஷீட்ல (=) போடணும். எதிராளி யோசிக்கும்போது குறுக்க கேக்கக் கூடாது. மூணு மூவுக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருந்தா அது தொந்தரவு, நான் எச்சரிக்கை கொடுப்பேன்.

ரெண்டு, ஒரே பொசிஷன் மூணு தடவை வந்தா டிரா கோருறது. ஆட்ட பலகையில மூணாவது தடவை வரப்போற மூவை ஆடிட்டு என்னைக் கூப்பிடாதீங்க. மூவை எழுதுங்க, ஆடாம என்னைக் கூப்பிடுங்க. போன மாசம் ஒருத்தர் ஆடிட்டு, கடிகாரத்தையும் அமுக்கிட்டு, கையைத் தூக்கினார். இனி எதிராளி முறை, நான் என்ன செய்ய? எதிராளி வேற மூவ் ஆடி அந்த கேமை ஜெயிச்சுட்டார்.

இன்னொண்ணு, பல போட்டியில 30 மூவுக்கு முன்னால டிரா பேசக் கூடாதுன்னு விதி வைக்கறாங்க. 2005-ல பல்கேரியாவின் சோஃபியால நடந்த போட்டியில வீரர்கள் தங்களுக்குள்ள டிரா பேசவே கூடாதுன்னு வச்சாங்க, அதனாலதான் இதுக்கு சோஃபியா விதின்னு பேர். போட்டி அறிவிப்பைப் படிச்சிட்டு வாங்க. முக்கால்வாசிப் பேர் சாப்பாடு உண்டாங்கறதை மட்டும்தான் படிக்கறாங்க.

#15 நைடோர்ஃப்நாயகன்

எல்லாரும் சேர்ந்து ஓப்பனிங்கே முக்கியம் இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க போல. லாஸ்கர் காலம் வேற. இப்ப 1600 பையன்கிட்டயே 20 மூவ் வரைக்கும் ஃபைல் இருக்கு. கறுப்புல பெர்லின் ஓப்பனிங் ஆடினா டிரா, பெட்ராஃப் ஆடினா டிரா. 2000-ல லண்டன்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல கிராம்னிக் பெர்லினை எடுத்தார், காஸ்பரோவால அந்த மேட்ச்ல ஒரு கேம்கூட ஜெயிக்க முடியல. 8.5–6.5. ஓப்பனிங்தான் மேட்சையே முடிச்சுது.

#16 திருவல்லிக்கேணி_65

நாயகன் தம்பி பெர்லினை இழுத்தது நல்லதாகப் போயிற்று. 2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சியில் ஆனந்த்–கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப். முதல் நாலு ஆட்டமும் டிரா. ஐந்தாவது ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன், என் மைத்துனன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தான்.

கார்ல்சன் வெள்ளை. காய்கள் ஒவ்வொன்றாக மாறி, யானை எண்ட்கேம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "டிராதான், டிராஃபிக் வருவதற்கு முன்னால் கிளம்பலாம்" என்று எழுந்தே போய்விட்டார். நானும் அரை மனதாக இருந்தேன். 58-வது நகர்த்தலில் ஆனந்த் கை கொடுத்தார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை.

மறுநாள் ஆறாவது ஆட்டம். ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் ஆடியது அதே பெர்லின். நாயகன் தம்பி சொல்கிற டிரா ஓப்பனிங்! மறுபடியும் யானை எண்ட்கேம், மறுபடியும் எல்லோரும் டிரா என்று எழுதி வைத்தாகிவிட்டது. கார்ல்சன் கிடைத்த சிப்பாயைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு எஃப் சிப்பாயை ஓடவிட்டார். 60-வது நகர்த்தலில் ஆனந்த் யானையை ஏ4-க்குக் கொண்டுபோனார். பி சிப்பாயைத் தள்ளியிருந்தால் டிரா. 67-ல் முடிந்தது. போட்டி 6.5–3.5.

அந்த இரண்டு ஆட்டத்தையும் நான் நூறு தடவையாவது ஆடிப் பார்த்திருப்பேன். கார்ல்சன் பெரிய அதிசய நகர்த்தல் எதுவும் செய்யவில்லை. ராஜாவை ஒரு கட்டம் இங்கே, யானையை ஒரு கட்டம் அங்கே. ஒவ்வொரு முறையும் ஆனந்த் ஒரு சரியான பதில் தேட வேண்டியிருந்தது. ஐம்பது பதில் சரியாகச் சொல்லி ஐம்பத்தோராவதில் சறுக்கினால் போதும்.

எழுதும்போது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

#17 குதிரைவாலி

ஐயா, அருமை. இதுக்கு மேல ஒரு உதாரணம் துபாய், 2021 டிசம்பர் 3. கார்ல்சன்–நெபோம்னியாச்சி ஆறாவது கேம். 136 மூவ், ஏழே முக்கால் மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் சரித்திரத்துலயே நீளமானது. கடைசில பலகையில மொத்தமே ஏழு காய். வெள்ளைக்கு ராஜா, யானை, குதிரை, ரெண்டு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, ராணி. ஏழு காய்க்கு கம்ப்யூட்டர்ல முழுப் பதிலும் இருக்கு, 130-வது மூவ் வரைக்கும் அது டிரான்னுதான் சொல்லுச்சு. அந்த மூவ்ல நெபோ ராணியை இ6-க்குக் கொண்டு போனார். அதோட போச்சு. அந்த மேட்ச்ல அதுக்கப்புறம் அவர் எழுந்திரிக்கவே இல்ல.

நாயகா, உன் கேள்விக்கு வரேன். ஓப்பனிங் முக்கியம் இல்லைன்னு நான் சொல்லல. எதுக்காக எடுக்கறோம்ங்கறதுதான் பேச்சு. நீ நைடோர்ஃப் ஆடு, உனக்கு 19 வயசு, காலேஜ் லீவு இருக்கு. சேலம் சாருக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு மணி நேரம். நைடோர்ஃப்ல இங்கிலீஷ் அட்டாக் ஒண்ணைப் படிச்சு முடிக்கவே தீபாவளி வந்துடும். முடிச்சுட்டுப் போனா எதிராளி மூணாவது மூவ்லயே பிஷப்பை பி5-ல வச்சு செக் கொடுப்பான். கிங்ஸ் இந்தியன் எடுத்தாலும் அதே கதை, பாதிப் பேர் லண்டன் ஆடுவான்.

அவர்கிட்ட ஏற்கெனவே நல்ல ஓப்பனிங் இருக்கு. எக்ஸ்சேஞ்ச்ல ஒரே சிப்பாய் அமைப்பு திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரே அமைப்புல ராணி இருந்தா என்ன, இல்லன்னா என்ன, குதிரைக்கு எதிரா பிஷப் இருந்தா என்ன, ரெண்டு யானை மட்டும் மிஞ்சினா என்னன்னு நாலு விதமாப் பழகினாப் போதும். புது ஓப்பனிங் படிக்கற நேரத்துல பாதிகூட ஆகாது. காரோ-கானை விட்டதுதான் எனக்கு வருத்தம். அதுல எண்ட்கேம் கறுப்புக்கு ரொம்ப தெளிவா வரும். ஓப்பனிங் மாத்த ஆசை வந்தா முதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. காய் எல்லாம் மாறினப்புறம் நிக்கிற சிப்பாய்களைப் பாத்தா எனக்கு ஏதாவது செய்யத் தோணுதா? தோணலைன்னா அது எவ்வளவு கூர்மையான ஓப்பனிங்கா இருந்தாலும் உங்களுக்கு டிராதான்.

#18 பூஜ்யம்புள்ளி

எல்லாரும் ஒரே பக்கம் சாயறீங்க. மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், நாடுகளோட அணிப் போட்டி. குகேஷ் முதல் எட்டு கேமும் ஜெயிச்சிருந்தார். பத்தாவது ரவுண்டு, உஸ்பெகிஸ்தானோட அப்துசத்தரோவ். குகேஷ் கறுப்பு, ஜெயிக்கற பொசிஷன். அது கை நழுவி சமமாகி, டைம் இல்லாத நேரத்துலயும் தொடர்ந்து போராடி, ஒரு குதிரை மூவ்ல மொத்தமும் போச்சு. பிரக்ஞானந்தா தன் கேமை ஜெயிச்சதால மேட்ச் 2–2. உஸ்பெகிஸ்தான் தங்கம், இவங்க ஆடின இந்தியா 2 அணிக்கு (இந்தியாவோட ரெண்டாவது அணி) வெண்கலம். அந்த இடத்துல ஒரு டிரா கிடைச்சிருந்தா கதையே வேற.

என் கணக்குல ஒரு நிபந்தனை போட்டேனே, "தப்பு பண்ற வாய்ப்பு நமக்கு அதிகமா இல்லைன்னா"ன்னு. களைப்பு, கடிகாரம், நல்ல பொசிஷனை விட்ட எரிச்சல், எல்லாம் அந்த நிபந்தனையில அடக்கம்.

#19 ஹெச்8அம்மா

அதே குகேஷ்தானே 2024-ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப்போட கடைசி கேம் ஜெயிச்சார்? வீட்ல நாங்க எல்லாரும் பாத்தோம். கமெண்ட்ரில டை பிரேக், டை பிரேக்னு சொல்லிட்டே இருந்தாங்க, திடீர்னு டிங் லிரன் முகம் மாறிப்போச்சு. என்ன ஆச்சுன்னு பையன்தான் எனக்குச் சொன்னான்.

#20 குதிரைவாலி

ஆமாம்மா, அவரேதான். மாமல்லபுரத்துல பட்ட அடிக்கு அப்புறமும் நிறுத்தல பாருங்க.

டிசம்பர் 12, 14-வது கேம். அதுவரைக்கும் 6.5–6.5. டிங் வெள்ளை. ஒரு சிப்பாயைக் கொடுத்துட்டு, யானையும் பிஷப்பும் மட்டும் இருக்கற எண்ட்கேமுக்குப் போனார். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனா எல்லாம் ஒரே பக்கம். டிரா ஆகறதுதான் நியாயம். டிரா ஆனா மறுநாள் ரேபிட், அதாவது வேக ஆட்ட டை பிரேக். குகேஷ் எழுந்திரிக்கல. 55-வது மூவ்ல டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டு வந்து மாத்தலாம்னு கேட்டார். அவர் பிஷப் ஏ8 மூலையில நின்னுது. யானை மாறினதும் குகேஷ் பிஷப்பை டி5-ல வச்சார். மூலையில இருக்கற பிஷப் எங்க ஓடும்? அதையும் மாத்தியாகணும். மிஞ்சினது வெறும் சிப்பாய் எண்ட்கேம், அதுல தோல்வி. 58-வது மூவ்ல முடிஞ்சது.

டிங் அந்தத் தப்பை ஏன் பண்ணினார்னு நெனக்கறீங்க? காயை மாத்தினா டிரா சீக்கிரம் வந்துடும்ங்கற ஆசை. எல்லாருக்கும் வர்ற ஆசைதான். சேலம் சாருக்கும் வருது, உலக சாம்பியனுக்கும் வருது.

#21 சேலம்சிப்பாய்

மூணு வாரம் கழிச்சு வரேன். நடுவுல ஒரு அஞ்சு ரவுண்டு போட்டி ஆடினேன். யார்கிட்டயும் டிரா கேக்கறதில்லன்னு முடிவோட போனேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். மூணாவது ரவுண்டு, எதிராளி 1690. ஆளுக்கு ஒரு யானை, நாலு சிப்பாய். அவர் 33-லயும் 41-லயும் டிரா கேட்டார். நான் ராஜாவை நடுவுக்குக் கொண்டு வந்துட்டு சும்மா யானையை நகர்த்திட்டு இருந்தேன். உண்மையைச் சொன்னா பெரிய திட்டம் எதுவும் இல்ல. 52-வது மூவ்ல அவரே யானையை என் யானைக்கு நேரா வச்சு, மாத்திக்கலாம்னு வந்தார். மாத்தினதும் என் ராஜா டி4, அவர் ராஜா டி6, ஆட வேண்டியது அவர். நேருக்கு நேர் நிக்குது, அவர் வழி விட்டே ஆகணும். விட்டார். 71-ல முடிஞ்சது. வெளிய வந்து டீ குடிக்கும்போது கை நடுங்குச்சு.

கெட்டது: அஞ்சாவது ரவுண்டு. குதிரைவாலி சார் சொன்ன அதே அமைப்பு, குதிரை சி5-ல உட்கார்ந்திருக்கு. அவர் ஒண்ணும் பண்ண முடியாம பிஷப்பை முன்னயும் பின்னயும் ஆட்டிட்டு இருந்தார். எனக்குப் பொறுக்கல. கடிகாரத்துல 50 செகண்ட் இருக்கும்போது ராஜா பக்கம் ஜி4, ஹெச்4-ன்னு தள்ளினேன். ஹெச் வரிசை திறந்து, அவர் யானை உள்ள வந்து, தோத்துட்டேன்.

மொத்தம் 3 புள்ளி. மூணு ஜெயிப்பு, ரெண்டு தோல்வி, டிரா சைபர்.

#22 நைடோர்ஃப்நாயகன்

ப்ரோ, வெல்கம் டு மை வேர்ல்டு.

#23 குதிரைவாலி

அஞ்சாவது ரவுண்டுல தோத்தது தொடர்ந்து ஆடினதாலயா சார், இல்ல 50 செகண்டுல சிப்பாயைத் தள்ளினதாலயா? குதிரையைத் தப்பா வச்சா அடுத்த மூவ்ல திரும்ப வரலாம். சிப்பாய் திரும்பி வராது. அவர் பிஷப்பை ஆட்டிட்டு இருந்தார்னா நீங்களும் யானையை ஆட்டிட்டு இருந்திருக்கலாம், மூவுக்கு 30 செகண்ட் சேர்ந்து கடிகாரம் ரெண்டு மூணு நிமிஷம் ஏறியிருக்கும். அந்த நேரத்துல பி5 சரியா வருமான்னு எண்ணியிருக்கலாம். 50 மூவ் விதி (சிப்பாய் நகராம, காய் வெட்டாம 50 மூவ் போனா டிரா கோரலாம்) வரைக்கும் உங்களை யாரும் விரட்டல.

மூணாவது ரவுண்டைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சிங்கப்பூர்ல நடந்தது சேலத்துலயும் நடக்கும்.

#24 திருவல்லிக்கேணி_65

வாழ்த்துகள் தம்பி. எங்கள் காலத்தில் 40 நகர்த்தலுக்குப் பிறகு ஆட்டத்தை ஒத்திவைப்பார்கள். அடுத்த நகர்த்தலை உறையில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க பலகையைப் பரப்பி வைத்து உட்காருவோம். சமம் என்று நினைத்துத் தூங்கப் போனவர்கள் காலையில் தோற்றார்கள். இப்போது உங்களுக்கு அந்த ராத்திரி கிடையாது, 30 செகண்ட்தான். அந்த ராத்திரி வேலையை வீட்டிலேயே முன்கூட்டிச் செய்துவிட்டுப் போங்கள்.

#25 சேலம்சிப்பாய்

நன்றி ஐயா. பழைய 21 டிராவையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு இருக்கேன், எஞ்சின் இல்லாம. ஒன்பதாவதுல மாட்டிக்கிட்டேன். நான் வெள்ளை, எதிராளி 1650. நான்தான் டிரா கேட்டேன்.

வெள்ளை: ராஜா எஃப்1, பிஷப் டி3, சிப்பாய்கள் ஏ3, பி4, இ4, எஃப்3, ஜி2, ஹெச்2.
கறுப்பு: ராஜா எஃப்8, குதிரை டி7, சிப்பாய்கள் ஏ6, பி5, இ5, எஃப்7, ஜி7, ஹெச்6.

இங்கயும் நான் தொடர்ந்து ஆடியிருக்கணுமா?

#26 திருவல்லிக்கேணி_65

யார் நகர்த்த வேண்டும் என்று போடவில்லையே தம்பி.

#27 சேலம்சிப்பாய்

மன்னிக்கணும் ஐயா. கறுப்பு.

#28 குதிரைவாலி

குதிரை பி8, சி6, அப்புறம் டி4. உங்க பிஷப் தன் சிப்பாய்க்குப் பின்னாலயே உட்கார்ந்து வேடிக்கை பாக்கும். இதுல நீங்க டிரா கேட்டது ரொம்ப சரி சார். அந்த 1650 எதுக்கு ஒத்துக்கிட்டார்னு தெரியல. அவரையும் இந்த இழைக்குக் கூட்டிட்டு வாங்க.